வீட்டு வீடியோவுக்குக் கேம்கோடர்: வாங்கும் முன் எதைச் சோதிப்பது?

மழைத்துளி கேட்டது:

வணக்கம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு கேம்கோடர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகள் கூடத்தில் ஓடியாடுவது, பிறந்தநாள், பள்ளி மேடை நிகழ்ச்சி, எப்போதாவது பயணம். எடுக்கப்போவது இவ்வளவுதான். எடிட்டிங் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வேண்டாததை வெட்டிவிட்டு டிவியில் போட்டுப் பார்ப்போம்.

பெட்டிமேல் 30 மடங்கு ஜூம், 3 லக்ஸ், இத்தனை மெகாபிக்சல் என்று ஒரே எண்களாக இருக்கின்றன. இதில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்? கேமராவைக் கையில் வாங்கி ஒரு மணி நேரம் எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? 4கே இருந்தே ஆக வேண்டுமா?

ஒளிக்கற்றை பதில்:

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு லென்ஸின் முகப்பைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இரண்டு ஜோடி எண்கள் இருக்கும். சோனி சிஎக்ஸ்405-ஐ எடுத்துக்கொண்டால் 1.8–4.0 என்பது ஒரு ஜோடி, 1.9–57.0 மிமீ என்பது இன்னொன்று. 57-ஐ 1.9-ஆல் வகுத்தால் 30 வரும். கண்ணாடி நகர்ந்து தரும் உண்மையான ஜூம் அதுதான். அதற்கு மேல் பெட்டியில் 350 மடங்கு என்று போட்டிருந்தாலும் சரி, படத்தை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது. டிஜிட்டல் ஜூமை மெனுவில் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

30 மடங்கு தேவையா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கேம்கோடர்களின் அகலப் பார்வை, பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவுக்கு மாற்றிச் சொல்லும் கணக்கில் 26 முதல் 30 மிமீக்குள் இருக்கும். 26.8 மிமீ லென்ஸோடு மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரம் ஃபிரேமை மேலிருந்து கீழ்வரை நிறைக்க 8 மடங்கு ஜூம் போதும். அதே இடத்திலிருந்து மார்பளவில் முகம் தெரிய வேண்டுமானால் 20 மடங்கு வரை போக வேண்டும். ஆக 20 மடங்கு உள்ள கேமராவே பள்ளி மேடைக்குப் போதும்.

வீட்டுக்குள் அதிகம் உதவுவது எதிர்முனை, அதாவது அகலப் பார்வை. 26.8 மிமீயில் 2 மீட்டர் தூரத்தில் சுமார் 2.7 மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும். பழைய மாடல்கள் பலவற்றில் அகலமே 40 மிமீ அளவில்தான் தொடங்கும். அதில் 1.8 மீட்டர்தான் கிடைக்கும். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் பிறந்தநாள் மேசை முழுசாகத் தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நடுக்கக் குறைப்பை ‘ஆக்டிவ்’ நிலைக்கு மாற்றினால் பல கேமராக்கள் ஓரங்களை வெட்டிக்கொள்ளும். அதனால் அந்த நிலையை மாற்றிமாற்றி வைத்து, எவ்வளவு அகலம் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

மற்ற ஜோடி எண் ஒளி பற்றியது. அகலத்தில் 1.8 ஆக இருக்கும் லென்ஸ் முழு ஜூமில் 4.0 ஆகிறது என்றால், படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சாருக்குப் போகும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மேடையை முழு ஜூமில் எடுக்கும்போது புள்ளிபுள்ளியாக இரைச்சல் ஏறுவதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் சென்சாரின் அளவு. முடிவெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். சிறிய கேம்கோடர்களில் 1/5.8 அங்குல வகை சென்சார் இருக்கும். அதன் மூலைவிட்டம் 3 மிமீ சொச்சம்தான். அதற்கு மேல் வரிசையில் உள்ள சோனி ஏஎக்ஸ்53 போன்றவற்றில் 1/2.5 அங்குல வகை, மூலைவிட்டம் 7 மிமீ. பரப்பளவில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இரவு விளக்கில் குழந்தையின் தலைமுடி தனித்தனி இழையாகத் தெரியுமா, கறுப்புப் பசையாகத் தெரியுமா என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. மெகாபிக்சலை மறந்துவிடலாம். 1920×1080 வீடியோவின் ஒரு ஃபிரேம் 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

‘3 லக்ஸ்’ என்ற குறைந்தபட்ச வெளிச்ச அளவைக் கேமராக்களுக்கிடையே ஒப்பிடவே கூடாது. ஷட்டரை ஒரு நொடியில் 25-இல் அல்லது 30-இல் ஒரு பங்கு என்று மெதுவாக்கி, ஏதோ ஓர் உருவம் தெரிந்தால் போதும் என்று எடுத்த எண் அது. அந்த வேகத்தில் குழந்தை கையை ஆட்டினால் கை போன வழியெல்லாம் ஆவி மாதிரி இழுபடும்.

இனி உங்கள் ஒரு மணி நேரத்துக்கு வருவோம். உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து எதையும் தீர்ப்பு சொல்ல வேண்டாம். 2.7 அங்குலத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கார்டை வீட்டுக்கு எடுத்துவந்து டிவியில் போட்டுப் பாருங்கள்.

முதலில் அறையின் மங்கலான மூலையில் ஒருவரை உட்காரவைத்து, ஆட்டோ நிலையில் 1 நிமிடம் எடுங்கள். கறுப்பு உடை போட்டவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் இரைச்சல் கறுப்பில்தான் முதலில் தெரியும். அவர் எழுந்து நடக்கட்டும். முகம் மஞ்சளடிக்கிறதா, பச்சை ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியே கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். நிறமும் வெளிச்சமும் சரியாக எத்தனை நொடி ஆகிறது, படிப்படியாகப் போகிறதா, வெட்டிவெட்டிப் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து ஃபோகஸ். 3 மீட்டர் தூரத்துப் பொருளைக் குறிவைத்து, லென்ஸுக்கு முன்னால் 30 செமீயில் உங்கள் கையை நீட்டுங்கள், பிறகு விலக்குங்கள். ஒரு நொடிக்குள், மிஞ்சினால் ஒன்றரை நொடிக்குள், ஒரே மூச்சில் போய் நிற்க வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு தடவை தேடிவிட்டு நிற்கிறது என்றால் அந்தக் கேமரா மங்கலான மேடையில் உங்களைப் படுத்தும். இதே சோதனையை விளக்கைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

நடுக்கத்துக்கு, முழு ஜூமில் தூரத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே 15 நொடி. பிறகு அகலத்தில் வைத்துக்கொண்டு 10 அடி நடை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மங்கலான அறையில் நடக்கும்போது ஃபிரேம் ஆடாமல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் படம் ஒரு கணம் குழம்பித் தெளியும். ஷட்டர் மெதுவாகிவிட்டதால் வரும் மங்கல் அது. டிஜிட்டல் நடுக்கக் குறைப்பு ஃபிரேமை நேராக்குமே தவிர இந்த மங்கலைச் சரிசெய்யாது. லென்ஸே நகர்ந்து ஈடுகட்டும் ஆப்டிகல் வகையில் இது வெகுவாகக் குறையும். அதனால் ஆப்டிகல் இல்லாததை வாங்க வேண்டாம்.

கடைசியாக எல்இடி விளக்குக்குக் கீழே 1 நிமிடம் எடுங்கள். படத்தில் பட்டைபட்டையாக இருள் உருண்டு போனால் ஷட்டர் உங்கள் மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் பட்டை அடங்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. ஷட்டரைக் கையால் மாற்ற வழியே இல்லாத கேமராவாக இருந்து பட்டையும் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஒலிப்பெட்டி பதில்:

படத்தைப் பற்றி ஒளிக்கற்றை சொல்லிவிட்டார். ஒலியை யாரும் சோதிப்பதில்லை, பிறகு குழந்தையின் முதல் பேச்சு ஏசி இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் 5 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

அமைதியான அறையில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு 10 நொடி யாரும் பேசாதீர்கள். பிறகு ஒரு முறை பலமாகக் கைதட்டிவிட்டு உடனே சாதாரணக் குரலில் பேசுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேளுங்கள். அமைதியின்போது ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் மெல்ல மெல்ல மேலெழும். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு செய்யும் வேலை அது. கைதட்டியதும் அது சட்டென்று அமுங்கும். அதன்பின் உங்கள் பேச்சு இயல்பான அளவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 2 நொடிக்கு மேல் போனால், விழாவில் ஒவ்வொரு கைதட்டலுக்குப் பிறகும் முதல் இரண்டு வார்த்தைகள் போய்விடும்.

அதே ரெக்கார்டிங்கில் ஜூம் நெம்புகோலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டுங்கள். மோட்டார் முனகல் கேட்கிறதா? கைப்பட்டையை இறுக்கித் தளர்த்துங்கள். விரல் உரசும் சத்தம் எவ்வளவு ஏறுகிறது? மைக் துளைகள் உங்கள் விரல் இயல்பாக உட்காரும் இடத்தில் இருந்தால் இந்தத் தொல்லை தீரவே தீராது.

உள்மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் விழும். அறையின் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். அதனால் 3.5 மிமீ மைக் துளை உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். சிக்கன மாடல்களில் முதலில் வெட்டப்படுவது இந்தத் துளைதான். சிஎக்ஸ்405-இல் இல்லை, ஏஎக்ஸ்53-இல் உண்டு. ஹெட்போன் துளையும் இருந்தால் இன்னும் நிம்மதி, ஏனென்றால் மைக் பிளக் பாதி செருகியிருப்பது படம் பார்க்கும்போதுதான் தெரியவரும். மைக்கை மாட்டும் மேல்சட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு அளவு. சோனிக்கும் கேனனுக்கும் தனித்தனி. பொது அளவு மைக் வாங்கினால் அதற்கான இணைப்புத் துண்டு தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

5.1 சேனல் சுற்றொலியில் பதிவு செய்யும் மாடல் என்றால் மெனுவில் 2 சேனலுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு டிவியில் பேச்சு தெளிவாக வரும், எடிட்டிங் மென்பொருளும் தகராறு செய்யாது.

நிலாமுற்றம் பதில்:

ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் போன் போதாதா? இப்போதைய நல்ல போன்களின் முதன்மைக் கேமரா சென்சார், சிறிய கேம்கோடரின் 1/5.8 அங்குலத்தைவிடப் பல மடங்கு பெரிது. வீட்டுக்குள், அருகில், இரவு விளக்கில் போன்தான் ஜெயிக்கும். 1/5.8 அங்குல கேம்கோடரை வாங்கி இந்த வேலைக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

கேம்கோடர் முந்துவது வேறு இடங்களில். மேடைக்கு வேண்டிய நிஜ ஜூம். இரண்டு மணி நேரம் விடாமல் ஓடினாலும் சூடேறி நிற்காதது. தீர்ந்ததும் மாற்றிப் போடக்கூடிய பேட்டரி. இன்னொன்று அதிகம் பேசப்படாதது. பல போன்கள் நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையை வெளிச்சத்துக்கேற்ப ஏற்றி இறக்கும். அந்தக் கோப்பை எடிட்டிங்கில் போட்டால் 20 நிமிடத்துக்குப் பிறகு வாயசைவும் குரலும் விலகத் தொடங்கலாம். கேம்கோடரில் எண்ணிக்கை மாறாது. உங்கள் தேவையில் பாதிக்குமேல் மேடை நிகழ்ச்சி என்றால் வாங்குங்கள். முழுக்க வீட்டுக்குள்தான் என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு மைக்கும் முக்காலியும் வாங்கி போனோடு இணைப்பதே மேல்.

மழைத்துளி:

மிகவும் நன்றி. மேடையும் வீடும் சரிபாதி. இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ‘4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு ஜூம்’ என்று போட்டு, மைக், முக்காலி, இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்து மலிவாக ஒன்று வருகிறது. பெயர் கேள்விப்படாத நிறுவனம். அதை எடுக்கலாமா? இரண்டு, ஏஎக்ஸ்53 போன்றதைப் பயன்படுத்தியதாக வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பழையநாடா பதில்:

முதல் சந்தேகத்துக்கு விடை அந்த லென்ஸ் வளையத்திலேயே இருக்கிறது. இவ்வகைக் கேமராக்களில் மிமீ எண் ஒன்றுதான் இருக்கும், அல்லது எண்ணே இருக்காது. ஒரே எண் என்றால் கண்ணாடி நகராது, 18 மடங்கும் டிஜிட்டல்தான். ஜூம் பொத்தானை அழுத்திக்கொண்டு லென்ஸில் காதை வைத்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் வராது. பலவற்றில் ஃபோகஸும் நிலையானது, 1 மீட்டருக்குள் போனால் எல்லாம் மங்கல். 48 மெகாபிக்சல் என்பது சிறிய சென்சாரின் படத்தைக் கணக்குப் போட்டு ஊதிய எண். செய்தித்தாளை 2 மீட்டரில் நிறுத்தி, ஒருமுறை 4கேயிலும் ஒருமுறை 1080-லும் எடுத்து, டிவியில் அக்கம்பக்கமாகப் பாருங்கள். பொடி எழுத்து இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் படிக்க வருகிறது என்றால் அது நிஜமான 4கே இல்லை. எடுக்காதீர்கள்.

4கே பற்றிப் பொதுவாக: 4கேக்காக அல்லாமல், 4கே மாடல்களில் வரும் பெரிய சென்சாருக்காகவும் ஆப்டிகல் நடுக்கக் குறைப்புக்காகவும் அந்த வரிசையை வாங்கலாம். பதிவை 1080, நொடிக்கு 50 அல்லது 60 முழு ஃபிரேமில் வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில், 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி விழுங்கும். 50 எம்பிபிஎஸ் என்றால் 22.5 ஜிபி, ஏவிசிஎச்டி என்ற பதிவு வடிவத்தின் 28 எம்பிபிஎஸ் என்றால் 12.6 ஜிபி. 64 ஜிபி கார்டில் முதலாவது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கடைசியானது ஐந்து மணி நேரம். கார்டு வாங்கும்போது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு, கார்டின் வேகத்தைக் காட்டும் யு3 (U3) குறி இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவற்றுக்கு கிளாஸ் 10 போதும். மெனுவில் 50i அல்லது 60i என்று இருந்தால் தொடாதீர்கள். அது படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் எனப் பிரித்து எடுப்பது. கணினியில் பார்த்தால் ஓடும் குழந்தையின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும்.

பயன்படுத்தியதை வாங்கும்போது முதலில் மடக்குத்திரை. கேமராவை ஓடவிட்டுத் திரையைத் திறந்து, மூடி, முழுக்கத் திருப்பி, மெதுவாக ஐந்தாறு முறை செய்யுங்கள். கீலுக்குள் போகும் பட்டை ஒயர் நைந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் படம் மினுங்கும், அல்லது திரை வெளுத்துப்போகும். இன்று மினுங்கினால் கொஞ்ச நாளில் போய்விடும்.

அடுத்து லென்ஸ். மூடி இதழ்கள் தானாகத் திறக்கும் மாடல் என்றால் இரண்டும் முழுசாக விலகுகின்றனவா என்று பாருங்கள். மணல் புகுந்தால் ஒன்று பாதியில் நிற்கும். கைபேசி டார்ச்சைச் சாய்வாகக் கண்ணாடிக்குள் அடித்தால் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும். பிறகு லென்ஸை முழுக்க மூடி, இருட்டில் 30 நொடி எடுத்து டிவியில் போடுங்கள். நகராமல் ஒரே இடத்தில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ நிற்கும் புள்ளி, பழுதான பிக்சல். முழு ஜூமுக்குப் போய்த் திரும்பும்போது ஃபிரேம் ஒரு பக்கமாகக் குதித்தாலோ, எடுக்கும்போது டகடகவென்று சத்தம் வந்தாலோ நடுக்கக் குறைப்பு அமைப்பு அடிபட்டிருக்கிறது. அணைத்து வைத்து லேசாகக் குலுக்கும்போது உள்ளே சத்தம் வருவதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஏஎக்ஸ்53-இல் லென்ஸ் தொகுதி முழுவதும் மிதக்கும் அமைப்பு, மின்சாரம் இல்லாதபோது அது தளர்வாகத்தான் இருக்கும்.

பேட்டரியைச் சமதளத்தில் வைத்துச் சுழற்றுங்கள். சுழன்றால் வீங்கியிருக்கிறது. கையேட்டில் ‘தொடர்ந்து எடுத்தால்’ என்று ஒரு நேரமும் ‘வழக்கமான உபயோகம்’ என்று ஒரு நேரமும் இருக்கும். இரண்டாவது ஏறக்குறைய பாதி, நிஜத்தில் கிடைப்பதும் அதுதான். மேடை நிகழ்ச்சிக்குப் பெரிய பேட்டரி ஒன்று கூடுதலாக வேண்டும்.

ஒளிக்கற்றை:

முக்காலியில் வைத்தால் நடுக்கக் குறைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போது ஃபிரேம் நின்ற பிறகும் கொஞ்சம் வழுக்கிப் போகும். மேடையில் பின்புலம் இருட்டாகவும் ஆள் மட்டும் வெளிச்சத்திலும் இருந்தால் ஆட்டோ முகத்தை வெள்ளையாக எரித்துவிடும். ‘ஸ்பாட்லைட்’ நிலை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வெளிச்சத்தைக் கையால் ஒரு படி, ஒன்றரைப் படி குறையுங்கள்.

மழைத்துளி:

பயன்படுத்திய ஏஎக்ஸ்53 ஒன்றில் நீங்கள் சொன்ன திரை, லென்ஸ், இருட்டு, கடிகாரம் எல்லாச் சோதனையும் சரியாக வந்தன. ஒன்று மட்டும்: பேட்டரியைக் கழற்றிப் போட்டால் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது. பழுதா? நீளமாக எடுத்தது இரண்டு கோப்பாகப் பிரிந்தும் இருக்கிறது.

பழையநாடா:

தேதி போவது பெரும்பாலும் பழுதில்லை. தேதியைக் காப்பாற்ற உள்ளே சின்னதாக ஒரு ரீசார்ஜ் பேட்டரி உண்டு. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அது வற்றிவிடும். கரண்ட் அடாப்டரைச் செருகி, திரையை மூடி, 24 மணி நேரம் அப்படியே விட்டால் ஏறிக்கொள்ளும். அதன்பிறகும் தேதி நிற்கவில்லை என்றால் மட்டும் அந்தச் சின்ன பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். தேதி சரியாவதற்கு முன் முக்கியமான எதையும் எடுக்காதீர்கள். கோப்புகள் தேதி வரிசைப்படிதான் அடுக்கப்படும், எல்லாம் குழம்பிவிடும்.

கோப்பு பிரிவதும் இயல்பே. ஏவிசிஎச்டியில் நீளமான பதிவை 2 ஜிபி அல்லது 4 ஜிபி துண்டுகளாகக் கேமராவே வெட்டிக்கொள்ளும். தனித்தனியாக அடுத்தடுத்து ஓடவிட்டால் வெட்டு விழுந்த இடத்தில் பாட்டு ஒரு கணம் அறுபடும். கார்டிலிருந்து ஒன்றிரண்டு கோப்பை மட்டும் பொறுக்காமல் ‘பிரைவேட்’ ஃபோல்டரை முழுசாகக் கணினிக்கு நகலெடுங்கள். கேமரா நிறுவனம் தரும் மென்பொருளில் அந்த ஃபோல்டரைக் காட்டி இறக்கினால் துண்டுகளைச் சேர்த்து ஒரே கோப்பாகத் தரும். இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு நகல் வைத்து, இரண்டும் ஓடுவதைப் பார்த்த பிறகு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் அழிக்க வேண்டாம். அழித்தால் கேமரா தன் பட்டியலும் கார்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரித்து, பதிவுசெய்ய மறுக்கலாம்.